வாரிசு இல்லாத வட்டம்

பெருமாள்புரத்து மாடி அறையில் இரவு ஒன்றரைக்கு
வட்டம் என்ற வகுப்பின் பெயருக்கு முன்னால்
ஃபைனல் என்று ஒரே ஒரு சொல் அடித்தேன்.
ஆறு வருஷமாய் அடிக்கக் கூசிய சொல்.
இனி இதற்குப் பிள்ளை கிடையாது.

காரணம் கேட்டால் வீரவநல்லூர் முப்பிடாதியைச் சொல்வேன்.
ஃப்ளெக்ஸ் கடைக்காரர். நிரலும் தானே எழுதுவார்,
வேலை முடிந்த பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.
என் வரைகலை நூலகத்தை எடுத்து
என் வட்டத்துக்குப் பிள்ளையாய்
ஒரு நீள்வட்டம் பெற்றுக்கொண்டார்.
அகலம் வேறு, உயரம் வேறு;
மற்றதெல்லாம் அப்பனை உரித்துவைத்தது.
ஆரம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும்
திருதிருவென்று முழித்து
அகலத்தில் பாதியைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும்.
மூன்று வருஷம் யாரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் நான் கேட்டேன்.
எல்லைக் கட்டம் போடும் கணக்கை
வேகத்துக்காக ஒரு வரி மாற்றினேன்:
உயரத்தைக் கேட்காதே, ஆரத்தை இரண்டால் பெருக்கு.
வட்டத்துக்கு அது சரி. எந்த நாளும் சரி.

சடங்கு வீட்டு ஃப்ளெக்ஸ், இருபதுக்குப் பத்து.
ஆளுக்கொரு நீள்வட்டத்தில் முப்பத்தோரு தாய்மாமன்கள்.
ஒருத்தருக்கும் நெற்றி இல்லை, நாடி இல்லை.
கண்ணும் மீசையும் மட்டும் கம்பத்தில் ஏறி நின்றன.

'எக்கா, ஒங்க வட்டம் தலையை வெட்டுது.'
'வட்டம் வெட்டல அண்ணாச்சி, ஒங்க பிள்ளை.'
'பிள்ளை வெட்டுனா பெத்த எடத்துலதானக்கா கேப்பாவ?'

என் அடுப்படியில் நான் ஒரு செம்பை நகர்த்த
வீரவநல்லூரில் சுவர் விழுந்திருக்கிறது.

அந்த வாரம்தான் தாலுகா ஆபீசில்
அப்பாவின் வாரிசுச் சான்றிதழுக்கு நின்றேன்.
'வேற யாரும் உண்டா?' என்றார் கிளார்க், தலை நிமிராமல்.
பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள்.
கடைசியில் மூன்று பெயர், அதோடு முடிந்தது.
என் வட்டத்துக்கு எந்தெந்த ஊரில் எத்தனை பேர்?
யாரிடம் போய் விசாரிக்க?
பெயர் தெரியாத வாரிசுகள் குடியிருக்கும் வீட்டில்
ஒரு ஜன்னலை மாற்றக்கூட எவருக்குத் துணிச்சல் வரும்?

எஸ்தர் ஜெபமலர் ஒப்பவில்லை.
'நீ நெனைக்காத ஒண்ண எவனாவது நெனைப்பாண்டி.
அவன் மூஞ்சியில கதவச் சாத்துற.'
அவள் சொன்னதில் தப்பில்லை.
அதை அப்படியே ஒரு குறிப்பு வரியாய்
ஃபைனலுக்கு மேலே எழுதிவைத்தேன், தேதியோடு.

எல்லாவற்றையும் பூட்டவில்லை.
புள்ளி, நிறம், செவ்வகம், வட்டம்: இவற்றுக்குப் பூட்டு.
வடிவம் என்ற மூதாதை திறந்தே இருக்கிறது
மூன்று மடையோடு:
வரை, தொடு, எல்லை சொல்.
பாளையங்கால்வாயில் மடை வைத்த இடத்தில்
எவ்வளவும் பாயட்டும்;
கரையை வெட்டினால்தான் கேஸ்.

புதிய பதிப்பு போன அன்று
முப்பிடாதியின் நிரல் கம்பைல் ஆகவில்லை.
ஏசினார்.
செத்துப்போன என் அப்பாவை விட்டுவிட்டு
மற்ற எல்லோரையும் ஏசினார்.
இரண்டு நாள் சத்தமில்லை.
மூன்றாம் நாள் அவர் அனுப்பிய நிரலில் நீள்வட்டம்
வடிவத்தின் நேர்ப்பிள்ளையாகியிருந்தது;
என் வட்டத்தைத் தகப்பனாக்காமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
வேண்டும்போது எடுத்து, இழுத்து, வரைந்தது.
தன் எல்லையைத் தானே சொன்னது.

கூடவே ஒரு போட்டோ.
முக்கூடலில் காதுகுத்து. பத்தொன்பது மாமன்கள்,
பதினெட்டு நெற்றி.
'அந்தக் கடைசி ஆளு?' என்று கேட்டேன்.
'அவரு போட்டோவுலயே அப்படித்தாங்க்கா,' என்றார்.
'கொண்டாந்தவன்ட்ட சொல்லியாச்சு.'